சும்மா சத்தம்

ஊறின மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பு தோலை விட்டுத் துள்ளி வெளியே வந்துவிடும், அதிகமாக அழுத்தினால் நசுங்கும், குறைவாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடும், அதற்கு ஒரு அளவு உண்டு, அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும், வாயால் சொல்ல வராது. பச்சை மொச்சையை உரித்து நேற்றே தண்ணீரில் போட்டுவைத்தேன். குண்டான் நிறைய இருக்கிறது, இத்தனையும் பிதுக்கி முடித்தால்தான் குழம்பு, பன்னிரண்டுக்குள் அடுப்பில் ஏற வேண்டும், மைசூரிலிருந்து அண்ணி வருகிறார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா, அவரைத் தூக்கி வளர்த்தவர், பிதுக்கம்பருப்புக் குழம்பு என்றால் அவருக்கு உயிர். இந்த பெங்களூரில் அதற்கு வேறு பேர், ருசி ஒன்றுதான். "மார்கழில வந்துட்டு அது துன்னாம போவேனா ரேணு?" என்று போனில் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போவார். போகும்போது என் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போவார், ஒரு வருஷத்துக்கு. என் பிள்ளையைக் கொண்டுபோக வருகிறவருக்கு நானே உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருக்கிறேன். பாப்பா எனக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, நான் போடுகிற தோலை எல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாக ஒட்டுகிறாள். மூன்றரை வயசு. தன்விகா என்று பேர், என் வீட்டுக்காரர் யாரையோ கேட்டு வைத்தது, எனக்கு வாயில் நுழையாமல் பாப்பா ஆகிவிட்டது. அவள் பேசவில்லை. பத்தொன்பது நாளாக ஒரு வார்த்தை இல்லை. ஹாலில் அவர் பாப்பாவின் துணியைப் பையில் அடுக்குகிறார், ஜிப்பு இழுக்கிற சத்தம் கேட்கிறது, நிற்கிறது, மறுபடியும் திறக்கிற சத்தம், எதையோ மறந்துவிட்டார் போல, கடவுளே எல்லாவற்றையும் மறக்கட்டும், பையையே மறக்கட்டும். இங்கிருந்து ஹாலுக்கு நாலு எட்டு. நாலு எட்டு வைத்துப் போய் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அன்றைக்குப் பொய் சொல்லிட்டேங்க. அவ்வளவுதான். காலையிலிருந்து இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன், பல்லுக்கு வருகிறது, உதட்டுக்கு வரமாட்டேன் என்கிறது.

அந்த ரூமில் மஞ்சள் ஸ்டூல் இரண்டு இருந்தது, ஒன்றில் பாப்பா, ஒன்றில் நான், எனக்கு அது சின்னது, முட்டி மார்பில் இடித்தது. நர்சரியில் சேர்க்கப் போனபோது பாப்பா எந்தக் கேள்விக்கும் வாயைத் திறக்கவில்லை, பேச்சு பார்க்கிற இடத்தில் காட்டி எழுதி வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள், அதற்காகப் போனது. அவர் கூடத்தான் வந்தார், ஆனால் வண்டியை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் விசிலடித்தார், அவர் ஓடினார், நான் தனியாக மாட்டிக்கொண்டேன். மேடம் நல்ல மாதிரிதான். ஜலதோஷம் பிடித்து மூக்கை மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் மூன்று படம் வைத்தார், மாடு, கோழி, புல். இதில் எந்த இரண்டு ஒன்றோடு ஒன்று சேரும் என்று கையால் காட்டிக் கேட்டார். பாப்பா கொஞ்ச நேரம் பார்த்தாள், புல்லை எடுத்து மாட்டின் வாய்க்கு நேராக வைத்தாள். மேடம் ஒரு கோடு போட்டார். மாடும் கோழியும்தான் சேருமாம், இரண்டும் பிராணியாம், அப்புறம் அவர் எனக்கு விளக்கினார். மாட்டுக்குப் பசிக்காதா? கோழியை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? என்னைக் கேட்டிருந்தாலும் நான் அங்கேதான் வைத்திருப்பேன், அப்படியென்றால் எனக்கும் ஒரு கோடு. அப்புறம் ஒரு ஜக்கு படம். பாப்பா மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஊத்து" என்றாள். அவளுக்கு அப்படித்தான் வரும், எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் பேர் வராது, அதை வைத்து என்ன செய்கிறோமோ அதுதான் வரும், கட்டிலைக் கண்டால் படு, சீப்பைக் கண்டால் வாரு, கதவைக் கண்டால் தொற. நான் அப்படித்தானே நாள் முழுக்கப் பேசுகிறேன், தா, எடு, மூடு, ஊத்து, பொருளின் பேரை எங்கே சொல்கிறேன், அதைத்தான் கை காட்டிவிடுகிறதே. "ஏனு ஹேளிதளு?" என்று மேடம் என்னைக் கேட்டார். என்ன சொன்னாள் என்கிறார். எனக்குப் புரிந்தது. பதிலும் நாக்கில் இருந்தது. ஆனால் காதுக்குள் அண்ணி இருந்தார், முந்தின நாள் போனில் சொன்னது, "அங்க போயி வீட்ல தமிழு, தெருவுல கன்னடம், டிவில இங்கிலீசுன்னு கதை சொல்லிக்கினு இருக்காத, ரெண்டு பாஷ காதுல வுழுந்தா கொழந்தைக்கு மூள கொழம்பிடும்னு எழுதிடுவாங்க, சீட்டு பூடும்." அதுவும் இல்லாமல், ஊத்து என்பது ஒரு வார்த்தையா, வார்த்தை என்றால் புத்தகத்தில் இருக்கும், சுவரில் படம் போட்டுக் கீழே எழுதியிருக்கும், நாங்கள் குழாயடியில் பேசுவதெல்லாம் வார்த்தைக் கணக்கில் சேருமா என்று எனக்கு யார் சொன்னார்கள். நான் ஆறாவதோடு நின்றவள். "ஒண்ணுமில்ல மேடம், சும்மா சத்தம்" என்றேன். பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. நான் அவளுக்குக் கொடுத்த ஒன்றை நானே அவள் கையிலிருந்து பிடுங்கித் தரையில் போட்ட மாதிரி, அது எங்கே விழுந்தது என்று தேடுகிற மாதிரி பார்த்தாள். வீட்டில் ஏதாவது வார்த்தை பேசுவாளா என்று மேடம் அடுத்து கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஒன்று சொன்னவளுக்கு இரண்டாவது சுலபமாக வந்துவிட்டது.

பருப்பு ஒன்று துள்ளி பாப்பா மடியில் விழுந்தது, எடுத்து, பிதுக்கின பருப்பு இருக்கிற கிண்ணத்தில் போட்டாள், சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பாள். மேடம் எழுதிக் கொடுத்த பேப்பர் பிரிட்ஜ் கதவில் மாம்பழக் காந்தத்துக்கு அடியில் இருக்கிறது, எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, இருந்தாலும் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் கண் அங்கே போகிறது. வண்டிக்குள் வைத்து அவர்தான் எழுத்துக்கூட்டி வாசித்தார், நோ வேர்ட்ஸ். ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு தரம் வாசித்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். வண்டிக்குள் நாங்கள் மூன்று பேர்தான், வேறு ஆள் இல்லை. ஆனால் அவர் குரல் உடைந்துபோய்ப் பேச ஆரம்பித்துவிட்டார், "நான் மூணு பாஷ பேசறேன் ரேணு. ஒண்ணுத்துலயும் ஒரு லெட்டர் எழுதத் தெரியாது. கம்பெனிப் பொண்ணுங்களைக் காலைல ஏத்திக்கினு போறேன், பின்சீட்ல ஒக்காந்து என்னாமா இங்கிலீசு பேசுதுங்க தெரியுமா. எம் பொண்ணு பின்சீட்ல ஒக்காரணும்." இப்படிப் பேசுகிற ஆளிடம் என்னவென்று சொல்வது. அப்புறம் அண்ணி போனில் பேசி, அவர் அண்ணியிடம் பேசி, முடிவாகிவிட்டது. ஒரே பாஷையில் பேசுங்கள் என்று மேடம் எழுதியிருந்தாராம். எந்தப் பாஷை என்று எழுதவில்லை. அது தமிழாகவும் இருக்கலாமே என்பது அன்றைக்கு எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கே இப்போதுதான், இந்த மொச்சையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றுகிறது. "இனிமே இவகிட்ட தமிழ் வேணாம். இங்கிலீசு. ஒனக்கு வரலயா, சும்மா இரு. சும்மா இருக்கறது ஒரு கஷ்டமா?" என்றார் வீட்டுக்காரர். கஷ்டம் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். நான் பிறந்ததிலிருந்தே அதிகம் பேசுகிறவள் இல்லை, ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போகிறவள், என் பேச்சு மொத்தமும் இந்தப் பாப்பாவோடுதான் என்பது நிறுத்தின பிறகுதான் தெரிந்தது. முதல் வாரம் அவள் விடவில்லை. அம்மா ஊத்து, அம்மா வா, அம்மா ஏன். முந்தானையைப் பிடித்து இழுப்பாள். நான் கையால் காட்டுவேன், வா என்பதற்கு ஒரு கை, வேண்டாம் என்பதற்கு ஒரு கை. அவர் பார்த்துவிட்டு, "நம்ம வூட்டுக்கு டிராபிக் போலீசு போஸ்டிங் ஆயிட்டாங்கடி" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், பாப்பா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருநாள் பால் பொங்குகிற நேரம் அவள் அடுப்புக்குக் கிட்டே கையை நீட்டினாள், நான் என்னை மறந்து "பாத்து, சுடும்!" என்று கத்திவிட்டேன். அவர் தட்டைத் தரையில் அடித்து எழுந்தார். "ரேணு! எத்தினி தபா சொல்றது!" பாப்பா நடுங்கிப்போனாள். சுடும் என்பதற்காக நடுங்கவில்லை. அன்றிலிருந்து நான் பேச வாயெடுத்தாலே அவள் முதலில் ஹால் பக்கம் பார்க்கிறாள்.

"ரேணு, பாப்பா ஸ்வெட்டர் எங்க?" "கொடில இருக்குதுங்க." பாருங்கள், இது வருகிறது, கொடியில் இருக்கிறது என்பது எவ்வளவு லேசாக வருகிறது, அதே வாய், அதே மூச்சு. அப்படியே கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட்டால் என்ன, கொடில இருக்குதுங்க, நான் பொய் சொல்லிட்டேங்க. இல்லை, வெறுங்கையோடு சொன்னால் நம்பமாட்டார். நேற்று நினைத்து வைத்தேன், ஒரு வார்த்தைக்கு ஒரு பருப்பு என்று தட்டில் தனியாக எடுத்து வைத்து எண்ணிக் காட்டலாம் என்று. காலையிலிருந்து வைத்துக்கொண்டு வருகிறேன், இதோ இந்த எவர்சில்வர் தட்டில். அம்மா ஒன்று, அப்பா இரண்டு, தா, வா, போ, ஊத்து, படு, வாரு, தொற, காக்கா, நிலா, மழ, வலிக்குது, பயம். பால் என்று ஒன்று வைத்தேன், அங்கே சிக்கிக்கொண்டது. ஏனென்றால் அவர் ஒரு நாள் மில்க் சொல்லு மில்க் சொல்லு என்று அவளை மடியில் வைத்துக் கெஞ்ச, அவளும் "மில்க்" என்றாள், அவர் கைதட்டினார். அப்புறம் கவனித்தேன், அவர் டம்ளரில் இருந்தால் மில்க், நான் ஆற்றிக் கொடுத்தால் பால், ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. இது ஒரு பருப்பா இரண்டு பருப்பா? வெள்ளையாக இருப்பது ஒன்றுதான், ஆனால் கொடுக்கிற கை இரண்டு, அவள் கையைப் பார்த்துப் பேர் வைக்கிறாள். இரண்டாகவே வைத்தேன். அப்புறம் அலங்காரம். பூ வை, பொட்டு வை, வளையல் போடு, பாவாடை கட்டு, கொலுசு மாட்டு. இதில் ஒன்றை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள், சொல்லமாட்டாள், பாவாடை வை என்று அவள் சொன்னதே கிடையாது, யாரும் சொல்லிக் கொடுக்காமல் எது இறுக்கிக் கட்டுவது, எது நுழைத்துப் போடுவது, எது லேசாகத் தொட்டு வைப்பது என்று இத்துனூண்டு தலைக்குள் பிரித்து வைத்திருந்தாள். வை, போடு, கட்டு, மாட்டு என்று நாலு பருப்பு வைத்தேன். இங்கிலீசில் இதுக்கெல்லாம் ஒரே வார்த்தை, புட் ஆன்தான், ரொம்ப ஈசி என்றார் அவர். ஈசியாகத்தான் இருக்கும், ஆனால் கைக்கு எப்படித் தெரியும், இறுக்கவா தொடவா என்று. இப்போது தட்டில் நூற்றிப் பதினாலு இருக்கிறது. நடுவில் ஒரு தரம் விட்டுப்போனது, மறுபடியும் எண்ணினேன், நூற்றிப் பதினாலுதான். எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைக்கலாம். இதுதாங்க உங்க பொண்ணு, அந்தப் பேப்பர் இல்ல. அவர் பார்ப்பார். பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொல்லு என்பார். நியாயம்தானே. நான் பாப்பாவைப் பார்ப்பேன். பாப்பா ஹாலைப் பார்ப்பாள். வாய் திறக்காது. அங்கேதான் முட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு தரமும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து முட்டுகிறது. நான் பொய் சொன்னபோது அது பொய்யாக இருந்தது. இப்போது அது பொய் இல்லை. நான் சொன்ன இல்லையை நானே இரண்டு மாசம் வாயை மூடி உட்கார்ந்து நிஜமாக்கிவிட்டேன். இப்போது போய் உண்மையைச் சொன்னால் அதுதான் பொய்யாகத் தெரியும், பிள்ளையை அனுப்ப மனசில்லாமல் கதை கட்டுகிறாள் என்பார் அண்ணி.

அண்ணி கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரே மகன், ஹாஸ்டலில் இருக்கிறான், வீடு வெறிச்சென்று கிடக்கிறதாம், அவர்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழேயே இங்கிலீசு நர்சரி. "ஒரு வருசம் எங்கிட்ட வுடு, பட்டாசு மாதிரி பேச வச்சு அனுப்பறேன். நீ மட்டும் நடுவுல வந்துடாத தாயே, ஒங்க போளூரு தமிழு ஒரு வாட்டி காதுல வுழுந்துச்சுன்னா எனக்கே நாலு நாளைக்கு நாக்கு சுளுக்கிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள், போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் அவர். நானும் சிரித்தேன். இதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் இப்படி ஆனேன். வந்த புதிதில் கீரைக்கார அம்மாவிடம் கன்னடம் கற்றுக்கொண்டேன், ஒவ்வொரு வார்த்தையும் ஒரு சிரிப்போடு சேர்ந்துதான் வந்தது, தப்பாகச் சொல்வேன், அந்த அம்மா சிரிப்பார், அந்த வார்த்தை மனசில் நிற்கும், ஆனால் அந்தச் சிரிப்போடு நிற்கும், இன்றைக்கும் அதைச் சொல்லும்போது காது சூடாகிறது. பாப்பாவுக்கு நான் கொடுத்த ஒன்றிலும் அந்தச் சூடு இல்லை, மேடம் ரூம் வரைக்கும். இன்றைக்குக் காலையில் மாவு சலிக்கப் போய்ச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அதற்குப் பேர் வரவில்லை, ஜரடி ஜரடி என்று கன்னடம்தான் வந்தது, நான் பிறந்ததிலிருந்து சொன்ன பேர் எங்கேயோ உள்ளே போய் ஒளிந்துகொண்டது, மாவு சலித்து முடித்த பிறகுதான் சல்லடை என்று வந்தது. இருபத்து மூணு வயசுக்காரிக்கு இரண்டு மாசத்தில் இப்படி என்றால் மூன்றரை வயசுக்கு ஒரு வருஷத்தில் என்ன மிஞ்சும். வருவாள். அழகாக வருவாள், ஷூ போட்டுக்கொண்டு, முடி வெட்டிக்கொண்டு. கடகடவென்று பேசுவாள். நான் மஞ்சள் ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, என்ன சொன்னா, என்ன சொன்னா என்று அவரைக் கேட்பேன். அவள் ஏதாவது சொல்லமாட்டாளா என்று நான் பூ வைக்கட்டுமா பாப்பா என்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். யாராவது அவளிடம் அம்மா என்ன சொல்றாங்க என்று கேட்டால், ஒன்றுமில்லை, சும்மா சத்தம் என்பாள். பொய்யாகச் சொல்லமாட்டாள். அவளுக்கு நிஜமாகவே அப்படித்தான் கேட்கும்.

"பஸ்ஸு கெங்கேரி தாண்டிடுச்சாம் ரேணு, ஆட்டோ புடிச்சிட்டா அரை மணி நேரம்" என்று ஹாலிலிருந்து சொன்னாரே, அது எப்போது, அரை மணிக்கு மேலேயே ஆகியிருக்கும், குண்டானில் கையை விட்டால் அடியில் பத்து இருபதுதான் தட்டுப்படுகிறது, தட்டிலிருக்கும் நூற்றிப் பதினாலையும் இப்போது குழம்பில் போடத்தான் வேண்டும், தனியாக வைத்து என்ன செய்யப் போகிறேன், அண்ணி இரண்டு கரண்டி கூடச் சாப்பிடுவார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கிறது. பாப்பா என்னவோ செய்கிறாள். குண்டானுக்குள் கையை விட்டு ஒரு மொச்சையை எடுத்து என்னைப் போலவே இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருக்கிறாள், வழுக்குகிறது, மறுபடி எடுக்கிறாள், வழுக்குகிறது, நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்க்கிறாள், பருப்பு வரவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். இதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. போன மார்கழியில் அவள் சின்னது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்த நூற்றிப் பதினாலில் இது கிடையாது. இதற்குக் கையைக் காட்டினால் போதாது, அழுத்து என்றாலும் தப்பு, நசுங்கிவிடும். ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது இதற்கு, அது இப்போது என் வாய்க்குள் வந்து நிற்கிறது, ஹாலில் ஜிப்பு சத்தம் நின்றுபோயிருக்கிறது, அவர் வாசலுக்குப் போயிருப்பார், யாரும் இல்லை, ஒன்று மட்டும் கொடுத்து அனுப்புகிறேன், இந்த ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகட்டும், நான் குனிந்து அவள் காதுக்குக் கிட்டே போய், காற்று மாதிரி, "பிதுக்கு பாப்பா" என்றேன். சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே யாரோடதோ மாதிரி இருந்தது. அவள் கண் பெரிதானது. மொச்சையைக் கீழே போட்டாள். சட்டென்று ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள், பிறகு எழுந்து, என் மடியில் முட்டியை ஊன்றி, மொச்சைத் தண்ணீர் சொட்டுகிற கையால் என் வாயைப் பொத்தினாள். இறுக்கி. ஒரு கை போதாமல் இன்னொரு கையும் வைத்தாள். என்னைக் காப்பாற்றுகிறாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயம், அதில் அப்படி ஒரு அக்கறை, இதை யார் கற்றுக்கொடுத்தது, நான்தான், இத்தனை நாள் சும்மா இருந்து நான் கற்றுக்கொடுத்த ஒரே பாடம், எவ்வளவு சுத்தமாகப் படித்திருக்கிறாள், பச்சை வாசனை அடிக்கிறது அந்தக் கையில், ஆட்டோ நிற்கிறது, "ரேணு, அக்கா வந்துட்டாங்க, வா இங்க, பாப்பாவ இட்டுக்கினு வா" என்று வாசலில் இருந்து கூப்பிடுகிறார், "எங்கடா எம் பட்டாசு?" என்று அண்ணி குரல், வரேங்க என்று சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றால் இந்தக் கையை எடுக்க வேண்டும், இந்தக் கையை நான் எப்படி